வெள்ள ஆய்வில் ஆற்று நீரின் அளவைக் கணக்கிடும் முறை குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்ட நிலமொன்றை மேடாக்கி வீடுகள் கட்டுவதற்காகத் தயாரிக்கப்பட்ட வெள்ள ஆய்வின் விளக்கக் கூட்டத்திற்கு அண்மையில் சென்றிருந்தேன். வெள்ளம் பரவுவதைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி மாதிரியைக் கொண்டு வரைந்த வண்ணப் படங்கள் தெளிவாகவே இருந்தன. ஆயினும், பெருவெள்ளத்தின்போது ஆற்றில் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் ஓடும் என்ற எண்ணை எவ்வாறு பெற்றீர்கள் என்று ஆய்வாளர்களைக் கேட்டதற்குக் கிடைத்த பதில் எனக்குக் கவலையளித்தது. ஒவ்வோர் இடத்திலும் மாதிரி காட்டிய உச்ச ஆழத்தையும் உச்ச வேகத்தையும் பெருக்கி, ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறு கரை வரை கூட்டிவிட்டதாகச் சொன்னார்கள். நில அளவைப் பணியில் இருந்த காலத்தில் ஆறுகளின் குறுக்குவெட்டை அளந்து கொடுத்தவன் என்ற முறையில், அந்தக் கணக்கு ஏன் ஏற்கத்தக்கதன்று என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நீரோடும் குறுக்குவெட்டின் பரப்பைச் சராசரி வேகத்தால் பெருக்கினால் ஓடும் நீரின் அளவு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பரப்பும் வேகமும் ஒரே நேரத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். வெள்ளம் ஏறிவரும்போது நீர்மட்டத்தின் சாய்வு அதிகமாக இருப்பதால் நீர் விரைந்து ஓடுகிறது. ஆழம் உச்சத்தை எட்டும் நேரத்தில் அந்த வேகம் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. எங்கள் ஊரில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாக இருக்கும். சிகாமட் ஆறு மூவார் ஆற்றில் கலப்பது. மூவார் ஆறு நிரம்பி நிற்கும்போது சிகாமட் ஆற்று நீர் வடிய வழியின்றித் தேங்கி, மட்டம் உயர உயர வேகம் குறைந்துகொண்டே போகும். எடுத்துக்காட்டாக, ஓரிடத்தில் காலையில் 2 மீட்டர் ஆழமும் வினாடிக்கு 1.5 மீட்டர் வேகமும், மாலையில் 3 மீட்டர் ஆழமும் 0.8 மீட்டர் வேகமும் இருப்பதாகக் கொள்வோம். ஒரு மீட்டர் அகலத்தில் காலையில் வினாடிக்கு 3 கன மீட்டரும் மாலையில் 2.4 கன மீட்டரும் ஓடுகின்றன. இரண்டு உச்சங்களையும் சேர்த்துப் பெருக்கினாலோ 4.5 கன மீட்டர் வருகிறது. அந்த ஆறு எந்த நேரத்திலும் ஓட்டாத நீர் அது.

கூடுதலாகக் கணக்கிட்டால் பாதுகாப்புத்தானே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பாலத்தின் கண்களை அகலப்படுத்துவதற்கு மட்டும் அந்த எண்ணைப் பயன்படுத்தினால் அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால், இப்போதுள்ள ஆறு எவ்வளவு நீரைக் கடத்திவிடும் என்பதற்கும் அதே எண்ணைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். வினாடிக்கு 300 கன மீட்டரை மட்டுமே கொண்டுசெல்லக்கூடிய ஆறு 450 கன மீட்டரைக் கடத்தும் என்று எழுதிவிட்டால், புதிய குடியிருப்பின் வடிகால் நீரையும் அதிலேயே விடலாம் என்ற முடிவுக்கு வருவது எளிதாகிவிடும். அதன் விளைவைச் சுமக்கப் போகிறவர்கள் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் மக்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் அந்த ஆய்வில் இருக்கிறது. நீரைக் கணக்கிடுவதற்காக ஆற்றுக்குக் குறுக்கே வரைந்த கோடு ஆற்றங்கரைகளோடு நின்றுவிட்டதால், கரை கடந்து செம்பனை மரங்களுக்கிடையே ஓடும் நீர் சேர்க்கப்படவே இல்லை. அங்கே நீர் மெதுவாக ஓடுகிறது என்பதை மறுக்கவில்லை. அயர்லாந்துப் பொறியாளர் இராபர்ட் மானிங் 1889-இல் நீரோட்ட வேகத்தைக் கணக்கிட முன்வைத்த சூத்திரத்தில், சுத்தமான இயற்கை ஆற்றுப்படுகைக்குச் சுமார் 0.03 என்றும், புதர் அடர்ந்த வெள்ளச் சமவெளிக்குச் சுமார் 0.1 என்றும் உராய்வுக் கெழு (தரை நீரைத் தடுக்கும் அளவைக் குறிக்கும் எண்) கொள்ளப்படுகிறது. ஆழமும் சாய்வும் மாறாதிருக்க, வேகம் இந்தக் கெழுவுக்கு எதிர்விகிதத்தில் குறையும். இருந்தாலும் 500 மீட்டர் அகலத்தில், ஒரு மீட்டர் ஆழத்தில், வினாடிக்கு 0.2 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரே வினாடிக்கு 100 கன மீட்டராகிவிடுகிறது. ஒரு பிழை எண்ணை ஏற்றுகிறது, மற்றொன்று இறக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, பார்ப்பவர் கண்ணுக்கு நம்பத்தக்க எண்ணாக அது வந்து நின்றுவிடக்கூடும் என்பதே என் பெரிய அச்சம்.

கோட்டின் திசையையும் குறிப்பிட வேண்டும். நீரோட்டத்துக்கு 45 பாகை சாய்வாகக் கோட்டை வரைந்துவிட்டு, வேகத்தின் முழு அளவையும் கோட்டின் முழு நீளத்தையும் பெருக்கினால், விடை ஏறத்தாழ 41 விழுக்காடு மிகைப்படும். கோட்டுக்குச் செங்குத்தான வேகப் பகுதியை மட்டுமே எடுக்க வேண்டும்; தோட்டத்து வாய்க்கால்களில் நீர் எதிர்த்து ஏறும் இடங்களில் அதைக் கழிக்கவும் வேண்டும்.

சரியான முறை கடினமானதன்று. வெள்ளம் தொடாத மேட்டிலிருந்து மறுபுறத்து மேடு வரை ஒரு கோட்டை வரைந்து, மாதிரி நிலத்தைப் பிரித்துக்கொள்ளும் சிறு கட்டங்களுள் அது கடக்கும் ஒவ்வொன்றிலும் அந்தந்த நேரத்து ஆழம், கோட்டுக்குச் செங்குத்தான வேகம், அகலம் ஆகியவற்றைப் பெருக்கிக் கூட்ட வேண்டும். வெள்ளம் ஏறத் தொடங்கியதிலிருந்து வடியும் வரை இதைத் தொடர்ந்து செய்து, அவ்வாறு கிடைத்த தொகைகளுள் பெரியதைத் தேர்ந்தெடுப்பதே உச்ச அளவு. அமெரிக்க இராணுவப் பொறியாளர் படைப்பிரிவு இலவசமாக வழங்கும் ஹெக்-ராஸ் (HEC-RAS) என்ற ஆற்றோட்டக் கணக்கீட்டு மென்பொருளே இத்தகைய கோட்டுக்கான நீரோட்ட அளவை நேர வாரியாகத் தந்துவிடும். மேலும் கீழுமாக இரண்டு கோடுகளை வரைந்து, அவற்றைக் கடந்த மொத்த நீரின் வேறுபாடு இடையில் தேங்கிய நீரோடும் பக்கவாட்டில் வந்து சேர்ந்த நீரோடும் ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துவிடலாம்.

வடிகால் நீர்ப்பாசனத் துறையின் இணையத்தளம் ஆற்று மட்டத்தை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்ற நான்கு படிகளில் தெரிவிக்கிறது. பொருட்களை எப்போது மேலே தூக்கி வைப்பது என்று முடிவு செய்ய அது எங்களுக்குப் பேருதவியாக இருக்கிறது. ஆயினும், மூவார் ஆறு நிரம்பி நிற்பதால் நீர் பின்னோக்கித் தேங்கும் இடத்தில் ஒரே மட்டத்தில் வெவ்வேறு அளவு நீர் ஓடக்கூடும் என்பதால், அந்த மட்டத்தை மட்டும் வைத்து மாதிரியின் நீரோட்டக் கணக்கைச் சரிபார்த்துவிட்டோம் என்று கூற இயலாது.

2006 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் 2023 மார்ச்சிலும் வெள்ளத்தைக் கண்ட ஊர் எங்களுடையது. ஆகவே, இத்திட்டத்திற்கு ஒப்புதல் அளிக்கும் முன்னர், கணக்கிட்ட கோடுகள் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும் என்றும், ஒவ்வொரு கோட்டுக்குமான நேர வாரியான நீரோட்ட அட்டவணை நிலம் மேடாக்கப்படும் முன்பும் பின்பும் எனத் தனித்தனியே பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நில அளவைப் பணியாளர்,
சிகாமட், ஜொகூர்.