சேலத்து எலிக்காக வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறை அலுவலர்களுக்கு வணக்கம். நம் சேலத்து எல்வைரா எலியைத் தேடிக் காக்கச் சொல்லித்தான் இந்த மடல். அதற்கு முன் ஒரு பூச்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

மழை பெய்து ஓய்ந்தபின் சேலத்தில் அரளிச் செடிகளைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்கள். விரல் பருமனில் பச்சைப் புழு கண்ணில் படலாம். சீண்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, நீலக் கண்போல இரண்டு புள்ளிகளைக் காட்டி மிரட்டும். ஆடு மாடு வாய் வைக்காத நச்சு இலையை அது பாட்டுக்குத் தின்று, பச்சையும் இளஞ்சிவப்புமான அந்துப்பூச்சியாக வளரும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பரவலாக இருக்கிறது. கோடையில் ஐரோப்பாவுக்கும் பறந்து போகிறது. நெடுஞ்சாலை நடுத்திட்டெல்லாம் அரளி நட்டு நாமே அதற்குச் சோறு போடுகிறோம். அதைப் பற்றிக் கவலையில்லை.

எல்வைரா எலிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சேலம் மாவட்டத்துக் குரும்பப்பட்டியில் கிடைத்ததை வைத்து 1940களில் எல்லர்மன் என்ற விலங்கியலாளர் விவரித்த இனம் அது. உடலைவிட நீளமான வால், சாம்பல் கலந்த பழுப்பு முதுகு. பாறையும் புதரும் மண்டிய காட்டில் வளை தோண்டி, இரவில் மட்டும் வெளியே வரும். அழியும் ஆபத்தில் உள்ள உயிர்களைத் தரம்பிரிக்கும் பன்னாட்டு அமைப்பான ஐயுசிஎன் பட்டியலில் அதன் இடம், இயற்கையில் அழிந்துபோனவற்றுக்கு ஒரு படி முன்னால்.

பாறைப் புதர்க்காட்டை நாம் பயனற்ற நிலமாகவே பார்க்கிறோம். விறகுக்கு வெட்டுகிறோம், இல்லையென்றால் நல்லது செய்வதாக நினைத்துக் குழி தோண்டி மரக்கன்று நடுகிறோம். எனக்கு இரண்டாவதுதான் அதிக பயம்; புதர்க்காடே மாறிப்போனால் எலிக்கு வீடில்லை. அப்புறம், எலி என்றாலே மருந்து வைக்கத்தான் கை போகிறது. 1972 வனவிலங்குச் சட்டத்திலேயே எலிகள், கொல்லத் தடையில்லாத தீங்குயிர்ப் பட்டியலில்தான் இருந்தன. 2022 திருத்தம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டது.

வரையாட்டுக்குத் தனித் திட்டம் தந்தீர்கள், தேவாங்குக்குக் கடவூரில் சரணாலயம் அமைத்தீர்கள். இரண்டுக்கும் மனமார்ந்த நன்றி. எலிக்கு அவ்வளவு பெரிய செலவு வேண்டாம். சேலத்து மலைகளில் உயிரோடு பிடிக்கும் கூண்டுகளை வைத்து, வெயில் காலம் மழைக்காலம் இரண்டிலும் ஒரு கணக்கெடுப்பு நடத்துங்கள். மற்றப் பாறை எலிகளோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பிருப்பதால், கொறிப்பான்களை அறிந்த ஆய்வாளர் உடனிருக்கட்டும், மரபணுவையும் சோதித்துவிடலாம். அந்த மலையில் இரவில் நடமாடும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவு தெரியும்வரை அந்தப் பாறைச் சரிவுகளில் மரம் நடும் வேலையை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

அன்புடன்,
சேலத்துக்காரர் ஒருவர்