கேட்டிலேயே திருப்பி அனுப்பப்படும் பெண்களுக்காக

மதிப்பிற்குரிய தமிழ்நாடு தொழிலாளர் ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை தேடும் பெண்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவள் நான். அவர்கள் போனுக்கு வரும் விளம்பரங்களைப் பாருங்கள்: ‘18 முதல் 25 வயது, திருமணமாகாத பெண்கள் மட்டும். பஸ், சாப்பாடு இலவசம்.’ சூப்பர்வைசர் வேலை என்றால் ‘ஆண்கள் மட்டும்’. சில இடங்களில் நேர்காணல் வரைகூடப் போக முடிவதில்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி காலில் மெட்டியைப் பார்த்துவிட்டு, “கல்யாணம் ஆயிடுச்சா? அப்ப கிளம்பும்மா” என்கிறார்.

2024 ஜூனில் ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் 1976-ஆம் ஆண்டு சம ஊதியச் சட்டத்தின் 5-வது பிரிவைச் சுட்டிக்காட்டி மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. ஆளெடுப்பில் பெண்களிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அந்தப் பிரிவு. மீறினால் 10,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம் அல்லது மூன்று மாதத்துக்குக் குறையாத சிறை. பாதிக்கப்பட்டவரே நேரடியாக நீதிமன்றத்தில் புகார் கொடுக்கவும் அந்தச் சட்டத்தில் வழி இருந்தது.

2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் ஊதியச் சட்டத்தொகுப்பு நடைமுறையில் இருக்கிறது. ஆளெடுப்பில் பாலினப் பாகுபாடு கூடாது என்ற தடை அதன் 3-வது பிரிவில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் முதல் முறை மீறினால் அதிகபட்சம் 20,000 ரூபாய் அபராதம், சிறை கிடையாது. அதைவிட என்னை உறுத்துவது 52-வது பிரிவு. அரசு, அரசு அதிகாரி, ஊழியர், பதிவுபெற்ற தொழிற்சங்கம் ஆகியோர் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். வேலையே தராமல் திருப்பி அனுப்பப்பட்டவள் எப்படி ஊழியர் ஆவாள்? வேலை இருந்தால்தானே சங்கம்? ஆகவே அவளுக்காக வழக்குப் போட வேண்டிய பொறுப்பு உங்கள் துறையின் தலையில்தான் விழுகிறது.

அரசு வேலை என்றால் அரசியலமைப்பின் 16-வது பிரிவைக் காட்டி அரசுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எத்தனை முறை கருத்தரித்தீர்கள் என்றெல்லாம் எல்ஐசி படிவத்தில் கேட்டதை நீரா மாத்தூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்து, அவற்றை நீக்கச் சொன்னது. தனியார் கம்பெனி மீது அந்த வழி பெரும்பாலும் கிடையாது.

திருமணம் வேறு, பாலினம் வேறு என்று கம்பெனி வக்கீல் வாதாடுவார். அதே வேலைக்கு வரும் ஆணிடமும் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள்.

மாவட்டத்துக்கு ஒரு அதிகாரியைப் பெயரோடு அறிவியுங்கள். வேலை கிடைக்காதவரிடம் ஆஃபர் லெட்டரோ ஐடி கார்டோ கேட்காமல் புகாரை வாங்கி, தேதி போட்டு ரசீது கொடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வைத்தே விசாரணையைத் தொடங்கலாம். விளம்பரம் அனுப்பிய ஆளெடுப்பு கன்சல்டன்சியோடு ஆள் கேட்ட கம்பெனியையும் சேர்த்து விசாரிக்க வேண்டும். யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்ற பதிவேடு கம்பெனியிடம்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு, அவளுக்கு இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள் என்பதையும் உங்கள் அலுவலக வாசல்களில் எழுதி ஒட்டுங்கள்.

முதல் வழக்கை எந்த மாவட்டத்தில் போடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள். சாட்சி சொல்லத் தயாராக இருக்கும் பெண்களை நானே அழைத்து வருகிறேன்.