அயர்லாந்து ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிடவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் தம் பூர்வீகத்தைத் தேடுவது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். டப்ளின் ஆவணக் காப்பகம் 1922-இல் தீக்கிரையானதால் அந்தத் தேடல் பெரும்பாலும் வீண் முயற்சியே என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். அந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

உள்நாட்டுப் போர் மூண்ட அந்த ஆண்டு ஜூன் 30 அன்று, டப்ளினின் நீதிமன்ற வளாகமான ஃபோர் கோர்ட்ஸில் இருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்ததும், 1821 முதல் 1851 வரை எடுக்கப்பட்ட நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் பெரும்பகுதி சாம்பலானதும் உண்மை. ஆனால் அடுத்தடுத்த கணக்கெடுப்புகளின் இழப்பையும் அந்தத் தீயின் தலையில் கட்டுவது நியாயமன்று. 1861, 1871 ஆண்டுகளின் படிவங்களை அரசே அதற்கு முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 படிவங்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாக்கப்பட்டன. 1901, 1911 கணக்கெடுப்புகள் முழுமையாக எஞ்சி, இன்று யாரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கும்படி உள்ளன.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று கட்டுரையில் விடுபட்டுள்ளது. 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்துக்குத் தப்பிக் கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். அவர்களுடைய திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகள் டப்ளினுக்கு அனுப்பப்படாமல் அந்தந்தப் பங்குக் (ஒரு கோயிலின் கீழ் வரும் மறைவட்டாரம்) கோயில்களிலேயே இருந்தமையால் தீயிலிருந்து தப்பின. ஏறத்தாழ 1880 வரையிலான அப்பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக வழங்கி வருகிறது. கத்தோலிக்கர்களின் பிறப்பும் இறப்பும் திருமணமும் அரசுப் பதிவுக்கு வந்ததே 1864-இல்தான் என்பதால், பஞ்சகாலக் குடும்பங்களுக்கு இப்பதிவேடுகளே உயிர்நாடி.

அப்படியானால் தேடுவோர் ஏன் திணறுகிறார்கள்? எந்தப் பங்கின் பதிவேட்டைப் புரட்டுவது என்பதே தெரியாததுதான் காரணம். அயர்லாந்தில் ‘டவுன்லேண்ட்’ எனப்படும் மிகச்சிறிய நிலப்பிரிவுகள் மட்டும் 60,000-க்கு மேல் உள்ளன. மர்ஃபி என்ற குடும்பப் பெயரையும் கார்க் கௌண்டி (மாவட்டம்) என்ற ஒற்றை வரியையும் வைத்துக்கொண்டு அங்கே இறங்கினால், ஒரே பெயரில் நூற்றுக்கணக்கானோர் எதிரே வந்து நிற்பார்கள். 1847-க்கும் 1864-க்கும் இடையில் வெளியான கிரிஃபித் நில மதிப்பீடு நிலத்தையும் வீட்டையும் அனுபவித்தவர்களின் பெயர்களை ஊர்வாரியாகத் தருகிறது என்றாலும், ஊர் தெரிந்தவருக்குத்தான் அது உதவும்.

எனவே தேடலை அயர்லாந்தில் அல்ல, குடியேறிய நாட்டில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கும் எல்லா ஆவணமும் பயன் தராது. பஞ்சகாலக் கப்பல் பயணியர் பட்டியல்களும், 1906-க்கு முந்தைய குடியுரிமைத் தாள்களும் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். ஊர்ப்பெயர் நாம் எதிர்பாராத இடங்களில் இருக்கிறது. நியூயார்க்கில் 1850-இல் தொடங்கப்பட்ட எமிக்ரன்ட் சேமிப்பு வங்கி, எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் மீண்டும் வரும்போது அடையாளம் காண்பதற்காக, அவர் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல் போன்ற விவரங்களைக் கேட்டு எழுதி வைத்தது. பணத்தைக் காக்கச் செய்த ஏற்பாடு இன்று குடும்ப வரலாறாகப் பயன்படுகிறது. பாஸ்டனின் ‘பைலட்’ கத்தோலிக்க வார இதழில் 1831 முதல் 1921 வரை வந்த ‘காணாமற்போன நண்பர்கள்’ விளம்பரங்களும் அவ்வாறே: தம்பியைத் தேடும் அக்காளும் கணவனைத் தேடும் மனைவியும், அவர் எந்தக் கௌண்டியில் எந்தப் பங்கைச் சேர்ந்தவர், எந்த ஆண்டில் கப்பலேறினார், கடைசியாக எந்த ரயில்பாதை வேலையில் இருந்ததாகக் கேள்வி என்றெல்லாம் அச்சில் ஏற்றியிருக்கிறார்கள். இவற்றோடு கல்லறைக் கற்களையும், குழந்தைகளுக்கு ஞானப் பெற்றோராக நின்றவர்களின் பெயர்களையும் பார்க்க வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள் அயல்நாட்டிலும் அடுத்தடுத்த வீடுகளில்தான் வாழ்ந்தார்கள்.

எரிந்த கணக்கெடுப்பின் துணுக்குகள்கூட வேறொரு வழியில் தப்பியிருக்கின்றன. 1908-ஆம் ஆண்டுச் சட்டப்படி 70 வயது நிறைந்தவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் கிடைத்தது. பிறப்புச் சான்று இல்லாத முதியவர்களுக்காக அதிகாரிகள் 1841, 1851 கணக்கெடுப்புகளைத் தேடிப் பார்த்தபோது நிரப்பிய படிவங்கள் இன்றும் உள்ளன. (1901, 1911 கணக்கெடுப்புகளுக்கு இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் சிலருக்குப் பதினைந்து வயது கூடியதற்கும் இந்த ஓய்வூதியமே காரணம் என்பார்கள்.)

பெயர் ஒத்துப்போனதும் உறவு கொண்டாடிவிடக் கூடாது என்ற எச்சரிக்கையையும் சேர்த்திருக்கலாம். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் குடியேற்ற நிலையமான எல்லிஸ் தீவில் முதல் குடியேறியாகப் பதிவான கார்க் பெண் ஆனி மூர், டெக்சாஸில் வாழ்ந்து மறைந்தவர் என்றே பல ஆண்டுகள் நம்பப்பட்டது. அந்த டெக்சாஸ் பெண்மணி இல்லினாய் மாநிலத்திலேயே பிறந்தவர் என்பதும், உண்மையான ஆனி நியூயார்க்கை விட்டு நகரவே இல்லை என்பதும் 2006-இல்தான் வெளிப்பட்டன.

இத்தகைய கட்டுரைகளை நம்பித் தேடலைக் கைவிடுபவர்கள் உண்டு. ஆகவே, குறைந்தது கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் பற்றிய திருத்தத்தையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்