ஆடு தின்ற இமாம் பசந்த்

அன்புள்ள ராமு,

இங்கே சுகம். உன் பெண் கல்யாணத்துக்கு வராததற்கு உன் தங்கையிடம் திட்டு வாங்கியாயிற்று, நீ வேறு ஆரம்பிக்காதே. ஏழு மாதமாக வாயைத் திறக்காதவன் இப்போது எழுதுவதற்குக் காரணம், மாமரம் காய்த்துவிட்டது.

உடனே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதே. புளிப்பு. நம் மூர்த்தி வாத்தியார் முகத்தைப் போன்ற புளிப்பு. பழுத்தாலும் நாரும் கொட்டையும்தான்.

திருச்சியில் இருந்துகொண்டு வீட்டில் ஒரு இமாம் பசந்த் மாமரம் இல்லாமலா என்று கிளப்பிவிட்டவன் நீ. மூன்றடிக் குழி எடு, நாட்டு மாங்கன்றின் மேல் இமாம் பசந்தை ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கட்டும், அதற்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளி எறி, முதல் மூன்று வருடம் பூவை நிற்க விடாதே என்றெல்லாம் போனிலேயே பாடம் எடுத்தாய். எல்லாம் செய்தேன், ஒன்றைத் தவிர.

இரண்டாம் வருடம் பின்கேட் திறந்து கிடந்து ஆடு புகுந்தது உனக்குத் தெரியும். ஒட்டு வரைக்கும் மேய்ந்துவிட்டது. ஒரு மாதம் கழித்து அடியில் ஒரு துளிர். நான் துள்ளிக் குதித்தேன். அது இமாம் பசந்த் இல்லை, அடியில் இருந்த நாட்டு மாங்கொட்டையின் துளிர் என்று தோன்றவே இல்லை. போட்டோ அனுப்பினேனே, பார்த்துவிட்டு ‘அருமை’ என்று போட்டாய். ஒட்டு எங்கேடா என்று ஒரு வார்த்தை கேட்டாயா? பாதிப் பாவம் உனக்கு. எட்டு வருடமாக எரு வைத்து, எறும்புப் புற்று கலைத்து, யாரோ கடித்துத் துப்பிய கொட்டையை வளர்த்திருக்கிறேன். நாலாம் வருடமே காய்க்க வேண்டிய மரம் ஏன் இப்படி முரண்டு பிடிக்கிறது என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. நட்ட முதல் தை மாதம், இடுப்பளவு கூட இல்லாத கன்று ஒரு கொத்து பூத்தது. கிள்ளப் போனேன். “ஒரே ஒரு பிஞ்சை விடேன்டா, பார்த்துக்கிறேன்” என்றாள் அம்மா. உன் பேச்சைக் கேட்டுக் கிள்ளினேன். அந்த மரத்தில் இமாம் பசந்த் பூத்தது அது ஒன்றுதான். நீ சொன்னது சரிதான், கன்றுக்கு அதுதான் நல்லது. இருந்தாலும், அம்மா போன பிறகு பின்கட்டுக்குப் போனால் அந்தக் கொத்துதான் ஞாபகம் வருகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மரத்தை மூன்றடிக்கு வெட்டி, துளிர் வந்ததும் ஒட்டுக் கட்டலாம் என்பாய். இவள் விடமாட்டேன் என்கிறாள். ஊறுகாய்க்கு இதை விட்டால் காய் கிடையாதாம், நாலு ஜாடி போட்டுவிட்டாள். அதனால் பாதி வெட்டு, பாதி விடு என்று பஞ்சாயத்து முடிந்திருக்கிறது. தெற்கே போகும் இரண்டு கிளையை மட்டும் இந்த வாரம் வெட்டுகிறேன்.

துளிர் பென்சில் கனம் வந்ததும் தகவல் சொல்கிறேன். ஒட்டுக் கட்டுவதற்குப் பத்து நாள் முன்பே உன் இமாம் பசந்த் மரத்தில் நல்ல குச்சியாகப் பார்த்து இலையைக் கிள்ளி வை. பத்துக் குச்சியாவது வேண்டும், ஈரத்துணியில் சுற்றி நீயே கொண்டு வா.

வரும்போது கேட்டைச் சாத்திவிட்டு வா.

உன்,
சேகர்