மரத்தின் எடை எங்கிருந்து வந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அத்தை வீட்டுக் காரியம் நல்லபடியாக முடிந்தது. நீ பாடம் நடத்தும் எட்டாம் வகுப்பில் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். என்னிடமும் சொல்லியிருக்கலாம். ஆயுள் முழுக்க அறிவியல் நடத்தியவன் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்.

ஒளிச்சேர்க்கையைச் சமன்பாட்டிலிருந்து தொடங்காதே. இவ்வளவு பெரிய மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று கேள். மண்ணிலிருந்து என்பார்கள். உடனே தப்பு என்று சொல்லிவிடாதே. 17ஆம் நூற்றாண்டில் ஹெல்மான்ட் என்பவர் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் ஒரு வில்லோ கன்றை நட்டு, 5 வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரத்தின் எடை 70 கிலோவுக்கு மேல் கூடியது. மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை! எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவு கட்டியவர், காற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. கதையை அங்கே நிறுத்திவிட்டுப் பொறுமையாக இரு. கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்துதான் மரமாகி நிற்கிறது என்று ஒரு பிள்ளையாவது தானே கண்டுபிடிக்கட்டும்.

அவர்களை வெளியே கூட்டிப்போ. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தைத் தடவிக்கொண்டே நீ என்னைக் கேள்வியால் துளைத்தவள். கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய மரம் எப்படிக் கல்லாகும், இங்கே கடல் இருந்ததென்றால் அது எங்கே போனது என்று விடவே இல்லை. அப்படிக் கேட்டவளுக்கா பிள்ளைகளைப் பேசவைக்கத் தெரியாது?

அரியலூர் சுண்ணாம்புக்கல் கொஞ்சம் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பொடித்து வினிகர் விட்டால் நுரைக்கும். அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான கல் அது. உங்கள் ஜவ்வாது மலைப் பாறையிலும் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நுரைக்காது. ஏன் என்று கேட்பார்கள், பார்.

அம்மாவிடம் நீ சொன்ன இன்னொரு விஷயத்தை நான் எழுதப்போவதில்லை. முதல் வருடம் எல்லோருக்கும் கஷ்டம்தான். உன் பணி ஆணை வந்த அன்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னேன். அதற்காக நீ சிரமப்பட்டுக்கொண்டு அங்கே இருக்க வேண்டாம். ஆனால் எடுத்த எடுப்பில் முடிவு செய்யாதே. பரீட்சை முடியட்டும். வெளியே கூட்டிப்போ, சரியா?

இலையில் ஸ்டார்ச் சோதனை செய்யும்போது இலையின் பச்சையத்தை எடுக்கும் ஸ்பிரிட்டை நேராகத் தீயில் வைக்காதே. அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கு. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல், நீயும் தள்ளி நில்.

அப்பா