படகுக்கு வாக்களித்த மாமி

கொக்கட்டிச்சோலை,
2025.06.08

அன்பு மகள்,

இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்குத் தான்தோன்றீசுவரர் துணையிருப்பார். போன கிழமை நீ மாமியோடு தொலைபேசியில் கதைத்து, பாதியில் இணைப்பைத் துண்டித்துவிட்டாய் என்று அம்மா சொன்னார். விடுதலைப் புலிகள் இயக்கத்திலிருந்து பிரிந்து வந்து படகுச் சின்னக் கட்சியை நடத்துகிற பிள்ளையான் ஏப்ரல் மாதம் கைது செய்யப்பட்டதை நினைத்து மாமி கவலைப்பட்டதும், "இவ்வளவுக்குப் பிறகுமா அந்த மனிதனுக்காக அழுகிறீர்கள், எங்கட சனத்துக்கு எப்போதுதான் புத்தி வரும்" என்று நீ கேட்டதும் எனக்குத் தெரியும். தொலைபேசியில் இதை முழுதாகச் சொல்லி முடிக்க என்னால் இயலாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒருநாளும் படகுச் சின்னத்துக்கு வாக்களித்ததில்லை. 2005ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது, மட்டக்களப்பு புனித மரியாள் தேவாலயத்துக்குள் வைத்து எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் ஐயாவைச் சுட்டுக் கொன்றார்கள்; அவருடைய மனைவியும் காயமடைந்தார். கோயிலுக்குள் ஒரு மனிதனைக் கொல்லுகின்ற அளவுக்கு எங்கள் மண் வந்துவிட்டதே என்று அன்று விடியும்வரை நான் உறங்கவில்லை. மறு ஆண்டு டிசம்பரில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் உபவேந்தர் இரவீந்திரநாத் கொழும்பில் காணாமற்போனார். இந்த ஏப்ரலில் நடந்த கைது அந்த வழக்கின் பெயரில்தான். இவற்றை மறந்துவிடு என்று நான் உனக்குச் சொல்ல மாட்டேன். மாமியும் அவற்றை மறக்கவில்லை என்பதைத்தான் நீ அறிய வேண்டும்.

2020 ஓகஸ்டில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில், யோசப் ஐயாவின் கொலை வழக்கில் விளக்கமறியலில் இருந்தபடியே பிள்ளையான் போட்டியிட்டார். 54,198 விருப்பு வாக்குகள் விழுந்தன. எங்கள் மாவட்டத்தில் வேறெந்த வேட்பாளருக்கும் அவ்வளவு விழவில்லை. அத்தனை பேரையும் காசு கொடுத்து வாங்கினார்கள் என்றோ, துவக்கைக் காட்டிப் பயமுறுத்தினார்கள் என்றோ சொல்வது எளிது. ஆனால் கம்பிக்குப் பின்னால் இருப்பவர் யாரை வந்து பயமுறுத்துவார்? பல ஆண்டுகள் வாக்குச்சாவடிகளில் கடமை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் புள்ளடிகளை மக்கள் தாங்களாகவே போட்டார்கள்.

வீதி, பாலம், வேலைவாய்ப்பு என்பது எல்லாரும் சொல்லும் காரணம். அதில் உண்மை இல்லாமலில்லை. நீ சிறுபிள்ளையாக இருந்தபோது மண்முனைத் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைக்காகக் காத்திருந்தது நினைவிருக்கிறதா? பிள்ளைத்தாய்ச்சிப் பெண்களும் நெல்மூட்டைகளும் சைக்கிள்களும் ஒன்றாக ஏறி வாவியைக் கடந்து பட்டணத்துக்குப் போன காலம் அது. பாலம் யப்பான் நாட்டின் உதவியில் வந்தது. 2014இல் அது திறக்கப்பட்டபோது பிள்ளையான் முதலமைச்சரும் அல்லர். ஆனாலும் வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் பலர் அதை அவருடைய கணக்கிலேயே எழுதுகிறார்கள், ஏனெனில் 2008இல் கிழக்கு மாகாணத்தின் முதலாவது முதலமைச்சராக அவர் வந்த பிறகுதான் அரசாங்கம் என்ற ஒன்று தங்கள் பக்கம் திரும்பிப் பார்த்ததாக அவர்கள் உணர்ந்தார்கள். செய்தவர் யார் என்பதைவிட, எங்கள் பேச்சுப் பேசுகிற, எங்கள் ஊர்ப் பெயர்களைத் தடுமாறாமல் சொல்லுகிற ஒருவர் கதிரையில் இருந்தார் என்பது அவர்களுக்குப் பெரிதாயிற்று. யாழ்ப்பாணத்திலிருந்து தேர்தலுக்குத் தேர்தல் வந்து மேடையில் நின்று, கொள்கையைப் பேசிவிட்டு இருட்டுமுன் திரும்பிப்போனவர்கள் இந்த இடத்தை வெறுமையாக விட்டுவைத்திருந்தார்கள். அந்தக் குற்றத்தில் நான் வாக்களித்த கட்சிக்கும் பங்குண்டு.

2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் இறந்த பிறகு, பக்கத்து முஸ்லிம் ஊரைப் பார்க்கவே எங்கள் மக்கள் பயந்தார்கள். அந்தப் பயமும் மறு ஆண்டு படகில் ஏறியது. இதை நான் நல்லதென்று சொல்லவில்லை. காத்தான்குடியிலே எனக்கு நாற்பது ஆண்டுச் சிநேகிதர்கள் இருக்கிறார்கள். அந்த நாட்களில் அவர்களுடைய முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாயிருந்தது.

இனி மாமியின் கதைக்கு வருகிறேன். உன் மச்சான் உனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவன். பள்ளிக்கூடத்தால் வந்த வழியில் இயக்கம் அவனைக் கொண்டுபோனபோது அவனுக்கு வயது 16. 2004 மார்ச்சில் கிழக்குத் தளபதி கருணா பிரிய, இயக்கம் இரண்டாக உடைந்தது. ஏப்ரலில் பெரிய வெள்ளியை ஒட்டி வெருகல் ஆற்றங்கரையில் தமிழ்ப் பிள்ளைகளைத் தமிழ்ப் பிள்ளைகளே சுட்டார்கள், கிழக்குப் பக்கம் நின்ற அவன் அங்கே முடிந்துபோனான். உனக்கு அப்போது 9 வயது. உன்னை அம்மம்மா வீட்டில் விட்டுவிட்டோம், ஆகையால் நீ அதைப் பார்க்கவில்லை. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். மாமி பெட்டியின் மேல் கன்னத்தை வைத்தபடி விடியும்வரை இருந்தார், அழவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது. ஆண்டுதோறும் கார்த்திகையில் இறந்த பிள்ளைகளுக்கு விளக்கேற்றுவார்கள், படங்களுக்கு மாலை போடுவார்கள், பெற்றோரை முன்வரிசையில் இருத்துவார்கள். உன் மச்சானுடைய படம் அந்த வரிசையில் ஒருநாளும் வைக்கப்படவில்லை. அவன் வீரனாகவும் எண்ணப்படவில்லை, துரோகி என்று வெளிப்படையாகச் சொல்லவும் யாரும் துணியவில்லை, அவன் இருந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. நானும் அந்த ஆண்டுகளில் மாமியின் முன்னால் அவன் பெயரை எடுக்கத் தயங்கினேன். பிள்ளையானுடைய கட்சிக்காரர்தான் ஏப்ரல் தோறும் வெருகலில் அந்தப் பிள்ளைகளை நினைவுகூர்ந்தார்கள். மாமி விடியற்காலையில் பேருந்தேறிப் போவார். ஒரு செவ்வரத்தம்பூவையும் அவனுடைய பள்ளிக்கூட அடையாள அட்டையையும் கைப்பைக்குள் வைத்திருப்பார். ஒருமுறை நான் அவரோடு வாக்குவாதப்பட்டேன். யோசப் ஐயாவைப் பற்றியும் உபவேந்தரைப் பற்றியும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமி சொன்னார்: "எனக்குத் தெரியும் அண்ணன். ஆனா என்ட பிள்ளையை நினைச்சு விளக்கு வைக்கிற இடம் அது ஒண்டுதானே."

அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிள்ளையானும் சிறுவயதில் இயக்கத்துக்குப் போனவர். மாமி அவரைப் பார்க்கும்போது ஒரு அரசியல்வாதியைப் பார்ப்பதில்லை, உயிரோடு திரும்பி வந்த ஒரு பிள்ளையைப் பார்க்கிறார். அந்தப் பார்வைக்குள்ளே யோசப் ஐயாவின் மனைவி பட்ட துயரத்துக்கு இடம் கிடைக்காமற் போவது எனக்கு இன்றும் நெஞ்சை அறுக்கிறது. இரண்டு பெண்களும் ஒரே வாவியின் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

நீதி நடந்திருந்தால் இது இவ்வளவு இறுகியிருக்காது என்று நினைக்கிறேன். 2015 ஒக்டோபரில் பிடித்தவரை ஐந்து ஆண்டுகள் தீர்ப்பில்லாமல் வைத்திருந்தார்கள். வழக்குத் தள்ளிப்போன ஒவ்வொரு தவணையும், எங்கள் ஆள் என்பதால் வதைக்கிறார்கள் என்ற பேச்சை வளர்த்தது. அரசு மாறிய பிறகு, 2021 ஜனவரியில், வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு அறிவிக்க, நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவரை நம்பியவர்கள் அதைக் குற்றமின்மைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள், நம்பாதவர்கள் அதிகாரத்தின் விளையாட்டு என்றார்கள். ஐயாவைச் சுட்டவர் யார் என்பது எந்த மன்றிலும் நிலைநாட்டப்படவில்லை. உண்மை வெளிவராத இடத்தில் மக்கள் தங்கள் தங்கள் துயரத்தையே சாட்சியாக்கிக்கொள்கிறார்கள்.

நீ சொன்ன அந்த "புத்தி" என்ற சொல்லைப் பற்றியும் எழுத வேண்டும். 2020 தேர்தலுக்கு முன் சந்தித் தேநீர்க்கடையில், தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போடுவதாக இருந்த ஒரு பொடியன், வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர் படகுக்குப் போடுகிறவர்களை அறிவற்ற கூட்டம் என்று பழித்ததைக் கேட்டு, தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான். பிற்பாடு அவன் படகுக்குத்தான் போட்டான். அவனுடைய தாய் படகுக்காரி. தாயைப் பழித்தவனோடு எந்தப் பிள்ளை சேர்ந்து நிற்பான்? பிள்ளையான்மேல் அவனுக்கு அப்போது பெரிய பற்றொன்றும் இருக்கவில்லை. அந்தப் பற்றை அந்தப் பேச்சாளரே உண்டாக்கிக் கொடுத்தார்.

அதே பொடியன் 2024இல் அவரை விட்டுவிட்டான். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற 2022இல் அவர் அரசோடு நின்றதும், கிராமிய வீதிகளுக்கு இராஜாங்க அமைச்சராக இருந்தும் தன் வயல் வீதி அப்படியே கிடந்ததும், மயிலத்தமடுப் பாற்பண்ணையாளர் மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் மாதக்கணக்காகப் போராட்டம் இருந்ததும் அவன் மனத்தில் சேர்ந்துகொண்டே வந்தன. யாரும் அவனுக்குப் பாடம் எடுக்கவில்லை. அந்த நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐ வென்றது, மட்டக்களப்பில் மட்டும் வீடு வென்றது, பிள்ளையான் தோற்றார். வசதியைப் பார்த்துச் சேர்ந்தவர்கள் வசதியைப் பார்த்தே போனார்கள். மாமியைப் போன்றவர்கள் போகவில்லை, போகவும் மாட்டார்கள்; அவர்களைப் பிடித்து வைத்திருப்பது வீதியோ பாலமோ அல்ல.

ஏப்ரலில் கைதுச் செய்தி வந்த அன்று மாமி எங்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தார். "ஆரப்பா அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோறது" என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து கோழிகளை அடைக்கப் போய்விட்டார்.

கோயில் தேருக்கு அவர் வந்து எங்களோடு இரண்டு நாள் நிற்பார். அதற்கு முன் நீ அவரை ஒருமுறை அழை. அவரோடு அரசியலில் ஒத்துப்போக வேண்டும் என்று நான் கேட்கவில்லை, நானே ஒத்துப்போகவில்லை. மச்சான் உன்னைச் சைக்கிளில் பிடித்துக்கொண்டு ஓடிய கதையை அவரிடம் கேள். அவன் பெயரைச் சொல்லிக் கேள். இருபத்தொரு ஆண்டுகளில் எங்கள் வீட்டிலிருந்து யாரும் அதைச் செய்யவில்லை.

அன்புடன்,
அப்பா