அட்டாலில போட்ட காரைக் கீழ எடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வாசகர் கடிதத்துல ஒரு அப்பா எழுதியிருந்தாரு, பையன் நல்ல மார்க் எடுத்தான்னு அவன் ஆசைப்பட்ட ட்ரிஃப்ட் ரிமோட் கார், அதாவது வளைவுல வழுக்கிட்டே போற கார், வாங்கிக் குடுத்தாராம், பல ஆயிரம் ஆச்சாம், ஆனா ரிமோட்ல வேகம் கூட்டற ட்ரிகரைத் தொட்டா நேரா போகாம நின்ன எடத்துலயே பம்பரமா சுத்துதாம், கடைல கேட்டா சரியா பதில் சொல்லலையாம், கடைசில அட்டாலில தூக்கிப் போட்டாச்சு, இது வெறும் பொம்மை, இதுல எல்லாம் காசைக் கொட்டாதீங்கன்னு மத்த பெத்தவங்களுக்கும் சொல்லி முடிச்சிருந்தாரு. அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே ஆறலைங்க. அந்தக் கார் அனேகமா கெட்டுப்போயிருக்காது. பையன் மேலயும் தப்பு இருக்காது. அதை யாரும் செட்டிங் பண்ணலை, அவ்வளவுதான். அந்த ஒண்ணைச் சொல்லத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்கங்க.

நான் கணபதி பக்கம் சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கேன், பம்ப்பு பார்ட்ஸ் ஜாப் ஒர்க். எங்க அக்கா பையனுக்கு 14 வயசு, லீவு விட்டா பட்டறைலதான் இருப்பான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி யாரோ ஓட்டுன பழைய கார் ஒண்ணு, நெஜக் கார்ல பத்துல ஒரு பங்கு சைஸ், பின் சக்கரம் மட்டும் இழுக்கற டைப், அதை வாங்கினோம். எங்களுக்கும் இதே கதைதாங்க. தொட்டா சுத்தும். நானும் மோட்டார் போயிருக்கும், டயர் தேஞ்சிருக்கும்னு என்னென்னவோ கழட்டிப் பாத்தேன். ஒரு நா சாயங்காலம் மிஷின் எல்லாம் நிறுத்துனப்பறம் அவன் காரை ஆன் பண்ணி கைல தூக்கி வெச்சுட்டு சும்மா இப்படியும் அப்படியும் திருப்பிட்டு இருந்தான், திடீர்னு "மாமா, நான் திருப்புனா முன் வீல் தானா திரும்புது மாமா, ஆனா தப்பான பக்கம் திரும்புது"ன்னான். அங்கதான் இருந்துச்சு விஷயம்.

ட்ரிஃப்ட் கார்ல கைரோன்னு ஒரு சின்ன பெட்டி இருக்கும்ங்க, தீப்பெட்டியை விட சின்னது, டபுள் சைட் டேப் போட்டு ஒட்டியிருப்பாங்க. காரோட வால் ஒரு பக்கம் வழுக்குனா அது எவ்வளவு வேகமா திரும்புதுன்னு கைரோ உணர்ந்து, முன் சக்கரத்தை எதிர்த்து ஒடிக்கச் சொல்லி சர்வோவுக்கு, அதாவது முன் சக்கரத்தைத் திருப்பற சின்ன மோட்டாருக்கு, சிக்னல் குடுக்கும். பெரிய கார்ல ட்ரைவர் உடம்புல உணர்ந்து ஸ்டியரிங்கைத் திருப்புவாரு, நம்ம தூரத்துல நின்னு ஓட்டறப்ப அந்த உணர்வு நமக்கு வராது, கண்ணுல பாத்து கை செய்யறதுக்குள்ள கார் சுத்தி முடிச்சிருக்கும். அதான் பின் சக்கர வண்டிக்கு கைரோ வேணும். நாலு சக்கரமும் இழுக்கற வண்டின்னா முன் சக்கரமே இழுத்து நேராக்கிக்கும், கைரோ இல்லாமயே ஓட்டலாம். இப்ப அந்த கைரோ உல்டாவா இருந்தா என்ன ஆகும்? வால் வழுக்குறப்ப அது காப்பாத்தாம இன்னும் தள்ளி விடும். கார் நின்ன எடத்துல சுத்தும். அந்த அப்பா எழுதுனது வார்த்தைக்கு வார்த்தை இதுதான்.

பாக்கறது ரொம்ப சுலபம்ங்க. காரை ஆன் பண்ணி ரெண்டு மூணு செகண்டு ஆட்டாம வைங்க, அந்த நேரத்துல கைரோ தன்னை நிலைப்படுத்திக்கும், அப்ப கைல பிடிச்சு ஆட்டுனா எல்லாமே கோணலாயிரும். அப்பறம் டேபிள் மேல வெச்சு வாலை டக்குனு வலது பக்கம் தள்ளுங்க. முன் சக்கரமும் வலது பக்கமே திரும்பணும். வால் எந்தப் பக்கம் போகுதோ அந்தப் பக்கம்தான் முன் வீல் பாக்கணும். எதிர் பக்கம் போச்சுன்னா கைரோல ஒரு சின்ன சுவிட்சோ பட்டனோ இருக்கும், அதை மாத்துங்க, ரிமோட்ல இருக்கற ஸ்டியரிங் ரிவர்ஸை மாத்தாதீங்க, அது வேற இது வேற. எங்க காருக்கு இது ஒண்ணை மாத்துன உடனே அஞ்சு நிமிசத்துல பட்டறைத் தரைல ஒரு முழு வட்டம் வழுக்கிட்டே போச்சு, பையன் கத்துன கத்துல பக்கத்துப் பட்டறைக்காரர் ஓடி வந்துட்டாரு.

இதுக்கப்பறமும் ஒரு வரிசை இருக்குதுங்க, அதை மாத்திச் செஞ்சா குழப்பம்தான். முதல்ல கைரோவோட கெயினை, அதாவது அது எவ்வளவு பலமா எதிர்த்து ஒடிக்கணும்ங்கற அளவை, ஜீரோல வெச்சுட்டு, ரிமோட்ல லேசா சரி பண்ற ட்ரிம் திருகு எல்லாம் நடுவுல வெச்சு, சர்வோ ஹார்னை, அதாவது சர்வோ தண்டுல மாட்டற சின்ன கையை, கழட்டி நேரா இருக்கற பல்லுல மாட்டணும், ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டு ட்ரிம்ல சரி பண்ணிக்கலாம்னு விட்டா ஒரு பக்கம் நல்லா ஒடியும் இன்னொரு பக்கம் ஒடியாது, ட்ரிஃப்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரே அளவு வேணும். அப்பறம் என்ட் பாயின்ட், அதாவது ஸ்டியரிங் எவ்வளவு தூரம் ஒடியலாம்னு ரிமோட்ல வெக்கற எல்லை. சக்கரம் முழுசா ஒடிஞ்சு நின்னப்பறமும் சர்வோ உர்ருனு கத்திட்டே இருந்துச்சுன்னா அது எதையோ முட்டி நிக்குதுன்னு அர்த்தம், கொஞ்சம் குறைங்க, இல்லைன்னா சர்வோ சூடாகி எரிஞ்சுரும். அதெல்லாம் முடிச்சுட்டுத்தான் கெயினை ஏத்தணும். ஏத்த ஏத்த கார் நிதானமா வழுக்கும், ஒரு அளவுக்கு மேல போனா முன் சக்கரம் நடுங்கும், இடது வலதுன்னு தாளம் போடும், அங்க இருந்து ரெண்டு படி கீழ இறக்கி வெச்சுக்கங்க.

மோட்டார் பல்லும் பெரிய கியர் பல்லும் சேர்ற எடத்துல நிறைய பேரு இறுக்கிக் கடிக்க விட்டுடறாங்க. உங்க பேப்பர்லயே ஒரு துண்டு கிழிச்சு ரெண்டா மடிச்சு ரெண்டு பல்லுக்கும் நடுவுல விட்டு, மோட்டாரை அழுத்தி ஸ்க்ரூ போட்டுட்டு, பேப்பரை உருவிருங்க. கீச்சுனு கத்தாம வழவழனு சுத்தும்.

டயரைப் பத்தி கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா அது எங்க தொழிலோட சேந்தது. ட்ரிஃப்ட் காருக்கு ரப்பர் டயர் கிடையாதுங்க, கெட்டி பிளாஸ்டிக். ஆரம்பத்துல ஆளுங்க பிளம்பிங் பைப்பை வெட்டியே டயரா மாட்டி ஓட்டியிருக்காங்க, அதைக் கேள்விப்பட்டதுமே எனக்கு கை அரிக்க ஆரம்பிச்சுருச்சு. ரிம் வெளி அளவு சுமாரா 52 மில்லிமீட்டர் வரும். தண்ணிக்குப் போடற கறுப்பு எச்டிபிஇ பைப்புல 63 மில்லிமீட்டர் சைஸ், நல்ல கனமானதா எடுத்தா உள் அளவு 51 சொச்சம் வருது, அதுக்குன்னே செஞ்ச மாதிரி. லேத் சக்குல பிடிச்சு, போரிங் டூல்ல உள்ளுக்கு லேசா எடுத்து, ரிம்மை விட ஒரு பொட்டு கம்மியா நிறுத்திக்கிட்டு, 26 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, சுடுதண்ணில போட்டு எடுத்து சூட்டோட ரிம்ல அமுக்குனா ஆறுனப்பறம் இறுகிப் பிடிச்சுக்குது. எச்டிபிஇ கடையறப்ப சீவல் துண்டு துண்டா வராதுங்க, முடி மாதிரி நீளமா வந்து சக்கைச் சுத்திக்கும், மிஷினை நிறுத்திட்டுத்தான் எடுக்கணும்னு பையனுக்கு முதல் நாளே கண்டிஷனா சொல்லிட்டேன், கடையறது நான், அளக்கறது அவன்.

ஒரு விஷயம் கடைஞ்சு பாத்துத்தான் புரிஞ்சுது. பைப்பு நம்ம கண்ணுக்கு உருண்டையாத் தெரியும், ஆனா வெர்னியர் அளவுகோல் வெச்சா ஒரு பக்கத்துக்கு ஒரு அளவு காட்டும். இந்த வண்டில பின்னாடி ரெண்டு வீலும் ஒண்ணா பூட்டியிருக்கும், ஒரே வேகத்துலதான் சுத்தும், ஒரு டயர் அரை மில்லி பெருசா இருந்தாக் கூட கார் ஒரு பக்கமாவே இழுக்கும். அதனால நாலையும் வெளிப்பக்கம் லேசா ஒரு தடவை கடைஞ்சு ஒரே அளவுக்கு கொண்டு வந்து, ஓரத்தை மழுக்கி விட்டேன், ஓரம் கூரா இருந்தா டைல்ஸ் இடுக்குல மாட்டிக்கும். ரெடிமேடு டயர் வாங்கறவங்களும் நாலையும் ஒண்ணா வாங்குங்க, பழசு ரெண்டு புதுசு ரெண்டுன்னு மாட்டாதீங்க.

தரைதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது. எங்க பட்டறை சிமெண்ட் தரைல ஒரு மாதிரி, அக்கா வீட்டு டைல்ஸ்ல ஒரு மாதிரி, ஊர்ல எங்க பாட்டி வீட்டு காவித் தரை இருக்கே, வருசக்கணக்கா தேஞ்சு கண்ணாடி மாதிரி, அதுல ஓட்டுனப்பத்தான் ட்ரிஃப்ட்னா என்னன்னு எனக்கே தெரிஞ்சுது, அவ்வளவு மெதுவா, அவ்வளவு அழகா போச்சுங்க. எங்க ஓட்டுனாலும் முதல்ல கூட்டிருங்க. ஒரு பொட்டு ஆயில், கொஞ்சம் மண்ணு, அவ்வளவுதான், செட்டிங் எல்லாம் வீணாயிரும்.

ஓட்டறதுக்கு வரேன். ஒரு பிளாஸ்டிக் வாளியை நடுவுல கவுத்து வெச்சு அதைச் சுத்தி ஒரே பக்கமா வட்டம் போடச் சொல்லுங்க. பையனுங்க எல்லாம் ட்ரிகரை ஃபுல்லா அழுத்துவாங்க, பின்னாடி கழண்டு சுத்தும், பயந்து முழுசா விடுவாங்க, வழுக்கறது நின்னு நேரா போய் செவுத்துல முட்டும். பாதி அழுத்தத்துல நிறுத்தி, அங்க இருந்து ஒரு நூல் கூட, ஒரு நூல் குறைய, அப்படித்தான் விரல் வேலை செய்யணும். கூட்டுனா வால் இன்னும் வெளிய போய் வட்டம் பெருசாகும், குறைச்சா சக்கரம் பிடிச்சு உள்ள வரும். ஸ்டியரிங்ல நம்ம எதிர்த்து ஒடிக்க வேண்டாம், அதை கைரோ பாத்துக்கும், கார் எங்க போகணுமோ அந்தப் பக்கம் காட்டுனா போதும். ரெண்டு பக்கமும் வட்டம் வந்தப்பறம் ரெண்டு வாளி வெச்சு எட்டு போடணும், நடுவுல பக்கம் மாறறப்ப ட்ரிகரை ஒரு கணம் விட்டுட்டு மறுபடி பிடிக்கணும். எங்க பையனுக்கு எட்டு வர்றதுக்கு 3 வாரம் ஆச்சு, எனக்கு இன்னும் ஒரு பக்கம் தடுமாறுது.

ஓட்டிப் பாத்து பிடிக்கலைன்னா ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. பேட்டரியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளுனா பின் சக்கரம் நல்லா உந்தும், முன் வீல் மேல் பக்கம் ஆறேழு டிகிரி உள்ள சாஞ்சு இருந்தா முழுசா ஒடிஞ்சு நிக்கறப்ப நல்லா பிடிக்கும். மாத்துனதை நோட்டுல எழுதி வைங்க. எங்க பையன் கணக்கு நோட்டு பின் பக்கம் பூரா அதுதான் இருக்கு, அக்கா திட்டுது, ஆனா டிகிரின்னா என்ன, விட்டம்னா என்னன்னு அவனுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லைங்க.

பேட்டரி விஷயத்துல மட்டும் பெத்தவங்க கிட்டயே இருக்கணும். பெரும்பாலும் லிப்போன்னு சொல்ற லித்தியம் பாலிமர் பேட்டரி, ரெண்டு செல், 7.4 வோல்ட்னு எழுதியிருக்கும், ஃபுல் சார்ஜ்ல 8.4. ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழ போக விடக் கூடாது. ஒவ்வொரு செல்லையும் சமமா ஏத்தற பேலன்ஸ் சார்ஜர்லதான் போடணும், மெத்தை மேல சோஃபா மேல வெச்சு சார்ஜ் போடாதீங்க, போட்டுட்டு வெளிய போகாதீங்க, உப்பிப்போன பேட்டரியை மறுபடி உபயோகிக்கவே வேண்டாம். அட்டாலில மாசக்கணக்கா கிடந்த பேட்டரின்னா முதல்ல அதை செக் பண்ணுங்க, வோல்ட் இறங்கிப் போயிருந்தா சார்ஜ் போட்டுப் பாக்காம வேற மாத்திருங்க. ஓட்டாம வெக்கறதா இருந்தா ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுல வைங்க.

இது வெறும் பொம்மைன்னு அந்த அப்பா எழுதுனதுதான் எனக்கு வருத்தம். ஜப்பான்ல மலைப்பாதைலயும் ரேஸ் ட்ராக்லயும் பொறந்த விளையாட்டு இது. 1970கள்ல குனிமிட்சு தகஹாஷி ரேஸ்ல வளைவை வழுக்கிட்டே எடுத்தாரு, அதைப் பாத்து வளந்த கெய்ச்சி சுச்சியா டொயோட்டா ஏஇ86 வெச்சு உலகத்துக்கே காட்டுனாரு, அப்பறம் ஜப்பான்ல டி1 கிராண்ட் பிரி, 2004ல அமெரிக்கால ஃபார்முலா ட்ரிஃப்ட்னு போட்டியா ஆச்சு. இதுல யாரு முதல்ல வந்தாங்கன்னு பாக்கறதில்லைங்க, எந்தக் கோட்டுல போனாங்க, எவ்வளவு கோணத்துல வழுக்குனாங்கன்னு பாத்துத்தான் மார்க். யோகோமோ மாதிரி ஜப்பான் கம்பெனி, எம்எஸ்டி மாதிரி தைவான் கம்பெனி எல்லாம் இதுக்குன்னே சின்ன வண்டி செய்யறாங்க. செட்டிப்பாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கற ஊரு நம்மது, 2005ல நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ரேஸ்ல ஏறுனப்ப ஊரே பேசுச்சு. இந்த ஊர்ல ஒரு பையன் ஆசையா வாங்குன கார் ஒரு சுவிட்ச் திரும்பி இருந்ததுக்காக அட்டாலில கெடக்குதுன்னா எனக்குப் பொறுக்கலைங்க.

ஆசிரியர் அய்யா, அந்தக் கடிதம் எழுதுன அப்பாவோட நம்பர் உங்ககிட்ட இருக்கும், என் நம்பரும் இந்த லெட்டர் பின்னாடி எழுதியிருக்கேன், பேப்பர்ல போட வேண்டாம், அவருக்கு மட்டும் குடுங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு மேல பட்டறைல வேலை இருக்காது, தரையைக் கூட்டி வெச்சிருப்போம். காரையும் பையனையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. கைரோவை எங்க அக்கா பையனே பாத்துக் குடுப்பான், டயருக்குப் பைப்பு மிச்சம் இருக்கு, காசு ஒண்ணும் வேண்டாம்ங்க. பேட்டரியை மட்டும் கழட்டித் தனியா எடுத்துட்டு வரச் சொல்லுங்க.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரன்,
கணபதி, கோயமுத்தூர்.